தரைக்கடியில் ஒரு காவற்காரன்

"சிறு துளி பெருவெள்ளம்" என்று நம் முன்னோர் மொழிந்தது சிக்கனத்தைக் கருதியே. ஆயினும், கணினிகள் நிறைந்த கட்டடங்களில் அம்முதுமொழி எச்சரிக்கையாகவும் நிற்கின்றது. இத்தகைய அறைகளில் தரைக்குமேல் மற்றொரு தளம் அமைத்து, இடைவெளியில் மின்கம்பிகளைச் செலுத்துவர். குளிரூட்டும் யந்திரம் காற்றிலிருந்து பிரித்தெடுக்கும் நீர், வடிகுழாய் அடைபட்டால், அவ்விடைவெளியில் வழிந்து தேங்கும். மேலே நடமாடுவோர் கண்ணுக்கு அது புலப்படாது. வைத்தியசாலையாயின் நோயாளரின் பதிவுகளும், வங்கியாயின் மக்களின் கணக்குகளும் ஆபத்துக்குள்ளாகும்.

இதனை முன்கூட்டி அறியவே நீர்க்கசிவை உணரும் வடத்தைத் தரையிற் பதிக்கின்றனர். அதன் தத்துவம் எளிது. வடத்தினுள் இரு கம்பிகள் ஒன்றையொன்று தொடாமல் அருகருகே செல்கின்றன. குழாய் நீரிலும் தரையழுக்குக் கலந்த நீரிலும் உப்புக்கள் உள்ளமையால் அது மின்சாரத்தைக் கடத்தும். நீர் இரு கம்பிகளையும் இணைத்ததும் சிறு மின்னோட்டம் பாய்ந்து மணி ஒலிக்கின்றது.

கசிவு நேர்ந்த இடத்தைக் காட்டும் வடங்களும் உள. ஜெர்மானிய விஞ்ஞானி ஓம் 1827இல் வெளியிட்ட விதியே இதற்குத் துணை. கம்பியின் தடை மீற்றருக்கு 10 ஓம் என்று கொள்வோம். நீர் தொட்ட இடம்வரை 370 ஓம் எனின், கசிவு 37ஆவது மீற்றரில் என்று துணியலாம்.

வடத்தை அமைப்பதில் கவனம் வேண்டும். முதலில் தரையிலுள்ள தூசியையும் உலோகத் துகள்களையும் அகற்றவேண்டும்; இன்றேல் பொய் எச்சரிக்கை எழும். குளிரூட்டும் யந்திரத்தைச் சுற்றியும் நீர்க்குழாய்களின் வழியிலும் வடத்தைத் தரையோடு படியவைத்துப் பொருத்துவர். கூரிய விளிம்புகளில் உராயவிடலாகாது. பின்னர், வடம் செல்லும் வழியைப் படமாக வரைந்து, மீற்றர் கணக்கைக் குறித்து, எச்சரிக்கைப் பெட்டியின் அருகே மாட்டவேண்டும். படமில்லாவிடில் "37" என்ற இலக்கத்தால் எவருக்கும் பயனில்லை. இறுதியாக, ஈரத்துணியை வடத்தின்மேல் இட்டு, மணி ஒலிக்கின்றதா என்று சோதிப்பர். இச்சோதனையைக் காலந்தோறும் செய்துவருதல் நன்று.

நாம் இங்கு வற்புறுத்த விரும்புவது ஒன்றுண்டு. வடம் கசிவை அறிவிக்குமேயன்றி அடைக்காது. நள்ளிரவில் மணி ஒலிக்கும்போது அக்கட்டடத்தில் இருப்பவர் பெரும்பாலும் காவலாளியே; பொறியியலாளர் தம் வீட்டில் உறங்கிக்கொண்டிருப்பார். ஆதலின், நீரை நிறுத்தும் வால்வு எங்குள்ளது, அதனை எப்பக்கம் திருகுவது என்பதைக் காவலாளிக்கு நேரிற் காட்டிப் பழக்கிவைத்தல் வேண்டும். அன்றேல், எத்துணைப் பொருள் செலவிட்டு அமைத்த வடமும் வெள்ளம் வந்த செய்தியை மட்டுமே நமக்குச் சொல்லும்.