கவலை இறைத்த கிணறுகள்



 ஆண்டுக்கு ஏறக்குறைய 700 மில்லிமீட்டர் மழை பெறும் நாமக்கல் பக்கம், காவிரி வாய்க்கால் எட்டாத மேட்டு நிலங்களுக்குக் கிணறுதான் கதி. ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரங்களில் அந்தக் கிணற்றில் கவலை என்னும் எருது ஏற்றம் பூட்டி இறைத்தார்கள்.

வாரி என்னும் சரிவில் எருதுகள் இறங்க, வடக்கயிறு சால் என்னும் நீர்வாளியை மேலே இழுக்கும். ஓட்டுபவர் கயிற்றின் மேலேயே உட்கார்ந்துகொள்வார். அவர் எடையும் இழுவைக்கு உதவும். சாலின் அடியில் தும்பி என்ற தோல் குழாய் உண்டு. மெல்லிய வால்கயிறு அதன் வாயை மேல்நோக்கி மடக்கிப் பிடித்திருக்கும். சால் மேலே வந்ததும் தும்பி தொட்டிப் பக்கம் நீண்டு, தண்ணீரைத் தானே கொட்டிவிடும். சாய்க்க ஆள் வேண்டாம். என்ன நுட்பம் பாருங்கள்! எருதுகள் பின்னோக்கியே நடந்து மேடேறும். அடுத்த சால் நிறையும்.

ஆயில் எஞ்சினும் மின்மோட்டாரும் வந்தபின் கவலை ஓய்ந்தது. ஊர்ப்பக்கம் போனால் பழைய கிணற்று மேட்டைப் பாருங்கள். அங்கே இரண்டு கல்தூண்கள் நின்றால், அவை கவலை உருளை பூட்டியவையாக இருக்கலாம்.