கனம் எந்தப் பக்கம்?

டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள் அக்கா. எம்.ஏ. தமிழ் சேரப்போகும் மகளுக்கு, கீபோர்டு சேர்ந்த டேப்லெட் வாங்கித் தரலாமா என்று கேட்டீர்கள். எத்தனை ஜிபி, எந்த கம்பெனி என்பதெல்லாம் அப்புறம். கனம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

லேப்டாப்பில் பேட்டரி, போர்டு எல்லாம் கீபோர்டுக்கு அடியில் இருக்கின்றன. திரை லேசானது. அதனால்தான் மடியில் வைத்தாலும் நிற்கிறது. டேப்லெட்டில் அத்தனையும் திரைக்குப் பின்னால். கீழே மெல்லிய கீபோர்டு ஒன்றை மாட்டினால் தலை கனத்துப் பின்னால் சாய்ந்துவிடும். இந்தச் சாய்வை எப்படித் தடுப்பது என்பதில்தான் ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு வழிக்குப் போனது.

2011இல் ஆசுஸ் இரண்டு வழிகளை முயன்றது. ஈ பேட் டிரான்ஸ்ஃபார்மரில் கீபோர்டைக் கழற்றலாம். அதற்குள்ளும் ஒரு பேட்டரி. அந்தக் கனத்தால் சாயாமல் நின்றது, சார்ஜும் கூடுதல் நேரம் வந்தது. ஆனால் டேப்லெட் 680 கிராம், கீபோர்டு 640 கிராம். சேர்த்துத் தூக்கினால் லேப்டாப் எடைதான். இன்னொன்று ஸ்லைடர். கீபோர்டு உடம்போடு ஒட்டியது, திரையைத் தூக்கினால் எழுந்து நிற்கும், எடையும் கிலோவுக்குள். கீபோர்டை வீட்டில் மறந்துவிட்டு வர வழியே இல்லாத இந்த யோசனை எனக்கு இன்றும் பிடிக்கும். ஆனால் திரை ஒரே கோணத்தில்தான் நிற்கும், மணிக்கட்டை ஊன்ற இடமில்லை, டச்பேடும் கிடையாது. சும்மா கதை படிக்கும்போதும் கீபோர்டைச் சேர்த்தே சுமக்க வேண்டும்.

மைக்ரோசாஃப்ட் 2012இல் சர்ஃபேஸ் ஆர்டி என்ற டேப்லெட்டின் முதுகில் ஒரு தாங்கி வைத்தது. மேஜையில் கச்சிதமாக நிற்கும். மடியில் வைத்தால் அதன் விளிம்பு தொடையை அழுத்தும். 2020இல் ஆப்பிள் ஐபேட் ப்ரோவுக்கு கனமான கீபோர்டு கொண்டுவந்தது. பெரிய அளவு ஐபேடும் கீபோர்டும் சேர்ந்து அதே ஆண்டின் மேக்புக் ஏரைவிடக் கனம்!

அந்த முதல் சர்ஃபேஸ் ஆர்டியில் இன்னொரு சங்கதியும் உண்டு. பார்க்க விண்டோஸ், ஆனால் பழைய விண்டோஸ் மென்பொருள்களை அதில் ஏற்ற முடியாது. 2013இல் மைக்ரோசாஃப்ட் இந்த டேப்லெட்டுக்காக 90 கோடி டாலரை நட்டமாக எழுதிக்கொண்டது. கீபோர்டு இருப்பதாலேயே லேப்டாப் வேலையெல்லாம் நடந்துவிடாது. கல்லூரியில் எந்த மென்பொருள் கேட்பார்கள் என்று விசாரித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

உங்கள் மகள் ஆய்வேடு எழுதப்போகிறவள். அவளுக்கு நிஜமான கீபோர்டு கட்டாயம் வேண்டும், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கண்ணாடித் திரையில் விரல்களை ஓய்வாக வைக்க முடியாது, தொட்டாலே எழுத்து விழும். தமிழக அரசு 1999இல் ஏற்ற தமிழ்99 முறையைப் பழகச் சொல்லுங்கள். உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலது கைக்கு. ‘க’வை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே விழும். கை பழகிவிட்டால் விசையில் தமிழ் எழுத்து அச்சிடாதது ஒரு குறையே இல்லை.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். திரையில் வரும் தமிழ் கீபோர்டு ஒழுங்காக வேலை செய்தால், மாட்டும் கீபோர்டிலும் தமிழ் வரும் என்று நினைத்துவிடுகிறார்கள். ஆண்ட்ராய்டில் இரண்டுக்கும் அமைப்பு தனித்தனி. கடையிலேயே மாட்டி, அரைப் பக்கம் தமிழில் தட்டிப் பார்க்கட்டும். மேஜையில் மட்டும் வேண்டாம், நாற்காலியில் உட்கார்ந்து மடியிலும் வைத்துப் பார்க்கட்டும்.

கழற்றும் வகையா, ஒட்டியதா என்றால், நான் கழற்றும் வகையையே சொல்வேன். ஒரு விசை போனால் கீபோர்டை மட்டும் மாற்றலாம். டேப்லெட்டைத் தொட்டு மின்சாரம் வாங்கும் ஊசிமுனை இணைப்பு உள்ளதாக இருந்தால் கீபோர்டுக்குத் தனியே சார்ஜ் போட வேண்டாம். ஆனால் அந்தக் கீபோர்டு பெரும்பாலும் அந்த மாடலுக்கு மட்டும்தான் பொருந்தும். அடுத்த டேப்லெட்டுக்கு உதவாது. பல கம்பெனிகள் கீபோர்டுக்குத் தனி விலை போடுகின்றன. விளம்பரத்தில் இருப்பது டேப்லெட் விலை மட்டும்தானா என்று கேளுங்கள். இரண்டையும் கூட்டிய தொகைக்கு நல்ல லேப்டாப் கிடைக்கிறது, அவள் அதிகம் செய்யப்போவதும் தட்டச்சுதான் என்றால், லேப்டாப்பையே வாங்கிக் கொடுங்கள் அக்கா.