குடற்சுவரைக் கடக்கும் கிருமி

உணவோடும் நீரோடும் கிருமிகள் நம் வயிற்றினுள் செல்வது புதிதன்று. அவற்றுட் பல இரைப்பையின் அமிலத்தில் மடிகின்றன. எஞ்சியவற்றைக் குடற்சுவரின் மேலுள்ள சளிப்படலம் தடுக்கிறது. அவ்வாறிருக்க, டைபாய்டு சுரத்தின் கிருமி உடலினுள் புகுவது எங்ஙனம்?

1880-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் கார்ல் எபெர்த் இக்கிருமியைக் கண்டறிந்தார். அது குடலைக் கடக்கும் வகை பிற்காலத்திலேயே தெளிவாயிற்று.

குடலின் உட்புறத்தை உயிரணுக்கள் ஒரே அடுக்காக மூடியுள்ளன. சிறுகுடலின் கடைப்பகுதியில் காவற்சாவடிகளைப் போன்ற திட்டுகள் உண்டு. அவற்றின்மேல் ‘எம்’ அணுக்கள் எனப்படும் தனிவகை அணுக்கள் அமைந்துள்ளன. குடலில் வரும் பொருள்களைச் சிறிதளவு எடுத்து, உள்ளேயுள்ள காவலணுக்களிடம் சேர்ப்பதே அவற்றின் பணி. பகைவனை இனங்காண உடல் அமைத்துள்ள இவ்வழியையே கிருமி தனக்கு நுழைவாயிலாக்கிக் கொள்கிறது. ஊசி போன்ற உறுப்பினால் தன் புரதங்களை அணுவினுள் செலுத்தி, அவ்வணு தன்னை உட்கொள்ளுமாறும் செய்கிறது.

உட்புகுந்த கிருமியைக் காவலணு விழுங்கினும் அது அழிவதில்லை; அதனுள்ளேயே பெருகிக் கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை ஆகியவற்றை அடைகிறது. பெரும்பாலும் ஓரிரு வாரங்களுக்குப் பின்னரே சுரம் காண்கிறது. பித்தநீரோடு கிருமி மீண்டும் குடலுக்கு வர, அத்திட்டுகள் புண்ணாகின்றன. சிகிச்சை தாமதமானால் குடலில் துளை விழுந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். சுரம் நீங்கிய பின்னும் சிலரது பித்தப்பையில் கிருமி தங்கி, ஓராண்டுக்கு மேலும் மலத்தோடு வெளியேறுவதுண்டு. அவர்கள் நோயின்றி நடமாடுவதால் எவரும் ஐயுறுவதில்லை.

ஆகவே, ஊரில் சுரம் பரவிய பின்னர் நீரைத் தூய்மை செய்ய முற்படுவது போதாது. அது நாள்தோறும் நடைபெற வேண்டிய பணியாகும். குடற்சுவரைக் கடந்த கிருமியோடு போராடுவது மருத்துவரின் கடமை. அது வாயை அடையாமல் தடுப்பது பஞ்சாயத்தின் கடமை. குடிநீர்க் கிணற்றுக்கும் கழிப்பறைக் குழிக்கும் இடையே குறைந்தது 15 மீட்டர் தூரம் இருத்தல் நலம். மேல்நிலைத் தொட்டியில் குளோரின் கலந்து, ஒரு மணி நேரம் கழித்தே நீரைத் திறந்துவிட வேண்டும். கடைசிக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது எஞ்சியுள்ளதா என்று சோதித்தல் அவசியம்.

வயலிலிருந்து திரும்பும் விவசாயிகள் சோப்பினால் கைகழுவிய பின்னரே உணவைத் தொடுவாராக. தொடர்ந்து சுரம் கண்டால் தாமதமின்றி ஆரம்ப சுகாதார நிலையத்தை நாடி, மருத்துவர் கூறிய நாள்வரை மருந்தை இடைவிடாது உட்கொள்ள வேண்டும். நம் அங்கத்தினர்கள் இன்றே தத்தம் ஊர்த் தொட்டியைப் பார்வையிட்டு இப்பணியைத் தொடங்குவார்களாக.