இருமாறிச் சார்பு

கணிதத்தில் இருமாறிச் சார்பு என்பது, ஒன்றையொன்று சாராத இரு மாறிகளின் ஒவ்வொரு சோடி மதிப்புக்கும் ஒரேயொரு மதிப்பைத் தரும் சார்பு ஆகும். ஒருமாறிச் சார்பின் வரைபடம் பொதுவாகத் தளத்தில் அமைந்த ஒரு வளைகோடு. இருமாறிச் சார்பின் வரைபடம் முப்பரிமாண வெளியில் அமைந்த ஒரு மேற்பரப்பு. எடுத்துக்காட்டாக, உடல் நிறைச் சுட்டெண் எடை, உயரம் ஆகிய இரண்டையும் சார்ந்தது. கிலோகிராமில் அளந்த எடையை, மீட்டரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் இச்சுட்டெண் கிடைக்கும். 64 கிலோகிராம் எடையும் 1.6 மீட்டர் உயரமும் உடையவருக்கு இதன் மதிப்பு 25.

== வரையறையும் வரைபடமும் ==

சாரா மாறிகளை க, ச எனவும், சார்ந்த மாறியை உ எனவும் கொள்வோம். (க, ச) என்னும் சோடி கிடைத்தளத்தில் ஒரு புள்ளியைக் குறிக்கும். அப்புள்ளிக்கு நேர்மேலே (மதிப்பு எதிர்மமாயின் நேர்கீழே) உ அளவு தொலைவில் ஒரு புள்ளியை இட வேண்டும். இவ்வாறு இடப்படும் புள்ளிகள் அனைத்தும் சேர்ந்ததே சார்பின் வரைபடம்.

சார்பு வரையறுக்கப்பட்டுள்ள சோடிகளின் கணம் அதன் ஆட்களம் எனப்படும். உ = √(9 − க² − ச²) என்னும் சார்பின் ஆட்களம், ஆதியை மையமாகவும் 3 அலகை ஆரமாகவும் கொண்ட வட்டத்தகடு; அதன் வரைபடம் மேல் அரைக்கோளம். முழுக்கோளம் எந்த இருமாறிச் சார்புக்கும் வரைபடம் ஆகாது. ஏனெனில், அதன் உட்புறம் செல்லும் செங்குத்துக்கோடு அதனை இரு புள்ளிகளில் வெட்டும்.

== வெட்டுமுகங்கள் ==

ஒரு மாறியை நிலையாக வைத்துக்கொண்டால், மேற்பரப்பைச் செங்குத்துத் தளம் ஒன்றால் வெட்டியது போன்ற வளைகோடு கிடைக்கும். உ = க² + ச² என்பதில் ச = 1 என இட்டால் உ = க² + 1 என்னும் பரவளைவு தோன்றும். இவ்வளைகோட்டின் சாய்வே க-ஐப் பொறுத்த பகுதி வகைக்கெழு ஆகும். முழு மேற்பரப்பும் மேல்நோக்கித் திறந்த கிண்ணம் போன்றது; அதன் சிறுமம் ஆதியில் உள்ளது.

== சமமட்டக் கோடுகள் ==

சார்பு ஒரே மதிப்பைப் பெறும் புள்ளிகளைத் தளத்தில் இணைத்தால் சமமட்டக் கோடுகள் கிடைக்கும். மேற்கூறிய கிண்ணத்துக்கு அவை ஒருமைய வட்டங்கள். உடல் நிறைச் சுட்டெண்ணில், 64 கிலோகிராம், 1.6 மீட்டர் என்னும் சோடியும், 81 கிலோகிராம், 1.8 மீட்டர் என்னும் சோடியும் 25 என்ற ஒரே சமமட்டக் கோட்டில் அமைகின்றன.

நிலப்படங்களில் காணப்படும் சமவுயரக் கோடுகளும் இவ்வகையினவே. சம உயர இடைவெளியில் வரையப்பட்ட கோடுகள் நெருங்கியிருக்கும் இடத்தில் சரிவு மிகுதி. 1774இல் ஸ்காட்லாந்தின் ஷிஹாலியன் மலையில் புவியின் அடர்த்தியை அறிய நடைபெற்ற ஆய்வின் அளவீடுகளைக் கணக்கிடும்போது, சார்லஸ் ஹட்டன் இத்தகைய கோடுகளைப் பயன்படுத்தினார்.

== சேணப் புள்ளி ==

உ = க² − ச² என்னும் மேற்பரப்பில் க-அச்சின் வழியே சென்றால் ஆதி மிகத் தாழ்ந்த புள்ளி; ச-அச்சின் வழியே சென்றால் அதுவே மிக உயர்ந்த புள்ளி. ஆகவே அது பெருமமும் அன்று, சிறுமமும் அன்று. குதிரைச் சேணத்தின் வடிவை ஒத்திருப்பதால் இது சேணப் புள்ளி எனப்படுகிறது. இரு மலைகளுக்கு இடையிலான கணவாயும் இவ்வடிவினதே. ஆதியில் இரு பகுதி வகைக்கெழுக்களும் சுழியாக இருந்தும் அங்கே பெருமமோ சிறுமமோ இல்லை என்பது கருதத்தக்கது.

== நேர்கோட்டு வெட்டுகளின் போதாமை ==

ஒரு புள்ளி வழியாகச் செல்லும் எல்லா நேர்கோடுகளின் வழியேயும் அப்புள்ளி பெருமமாக இருந்தால், மேற்பரப்புக்கும் அது பெருமமாகவே இருக்கும் என எண்ணத் தோன்றும். இது தவறு என்பதை இத்தாலியக் கணிதவியலாளர் சூசெப்பே பேயானோ (1858–1932) பின்வரும் சார்பின் மூலம் காட்டினார்:

: உ = (2க² − ச)(ச − க²)

ஆதியில் உ = 0. ச-அச்சின் வழியே உ = −ச²; க-அச்சின் வழியே உ = −2க⁴. ஆதி வழியாகச் செல்லும் பிற நேர்கோடுகளிலும், ஆதிக்கு மிக அருகில் உ எதிர்ம மதிப்பையே பெறுகிறது. ஆனால் ச = 1.5க² என்னும் பரவளைவின் வழியே சென்றால்,

: உ = 0.5க² × 0.5க² = 0.25க⁴

இது ஆதியைத் தவிர எங்கும் நேர்ம மதிப்பு உடையது. எனவே ஆதிக்கு எவ்வளவு அருகில் நோக்கினாலும் அதைவிட உயர்ந்த புள்ளிகள் உள்ளன. இரு பரவளைவுகளுக்கு இடைப்பட்ட ஒடுங்கிய பகுதியில் மட்டும் மேற்பரப்பு உயர்கிறது. எந்த நேர்கோடும் ஆதியை நெருங்கும்போது அப்பகுதிக்கு வெளியேதான் இருக்கும்.

ஒருமாறிச் சார்பில் ஒரு புள்ளியை இடப்புறம், வலப்புறம் ஆகிய இரு பக்கங்களிலிருந்து மட்டுமே அணுக இயலும். இருமாறிச் சார்பில் அணுகும் வழிகள் எண்ணற்றவை. அவற்றுள் வளைவழிகளும் அடங்கும். இதனாலேயே எல்லை, தொடர்ச்சி, பெருமம் ஆகியவை, புள்ளியைச் சூழ்ந்த சிறு வட்டத்தகடு முழுவதையும் கொண்டு வரையறுக்கப்படுகின்றன.

== இவற்றையும் பார்க்க ==

* பகுதி வகைக்கெழு
* பரவளைவு
* சமவுயரக் கோடு