கரும்பலகைக்கு இந்தப் பக்கம் – 14: ஒரு தட்டு மணல்

கேள்வி கேட்டுவிட்டு 3 விநாடி வாயை மூடிக்கொண்டு காத்திருப்பது பற்றிப் போன வாரம் எழுதினேன். செய்து பார்த்தவர்களுக்கு மறுபடி சொல்ல வேண்டியதில்லை; மற்றவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள். இந்த வாரம் செயல்வழிக் கற்றல் வகுப்பின் தாழ்வான கரும்பலகை என்று வாக்குக் கொடுத்திருந்தேன். பத்திரிகை ஆசிரியரும் இரண்டு முறை போன் செய்துவிட்டார். அதற்குள் கண்ணில் மணல் விழுந்துவிட்டது.

சென்னை எழும்பூரில் 1789-ல் தொடங்கிய ராணுவ அநாதைச் சிறுவர் விடுதி. அதை நடத்தியவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். ஒருநாள் குதிரையில் போகும்போது ஒரு ‘மலபார்’ பள்ளியைப் பார்த்தார். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். மலபார் என்றதும் கேரளத்துக்கு ஓடாதீர்கள். அன்றைய வெள்ளைக்காரர்கள் தமிழர்களையும் அப்படித்தான் அழைத்தார்கள். நம்மூர்த் திண்ணைப் பள்ளிதான்!

விடுதியில் அரிச்சுவடி வகுப்புக்கு மட்டும் இதைச் செய்யச் சொன்னார் பெல். நடக்காது என்று கைவிரித்தார் உதவி ஆசிரியர். பெல் அந்த வகுப்பை ஜான் ஃபிரிஸ்கன் என்ற 8 வயதுப் பையனிடம் ஒப்படைத்தார். சாதாரணச் சிப்பாயின் மகன். அவனால் முடிந்தது.

மணலில் அப்படி என்ன இருக்கிறது? சிலேட்டை எச்சில் தொட்டு அழித்தாலும் தடம் தெரியும். மணலில் தப்பைக் கையால் நிரவிவிட்டால் போயே போச்சு. தப்புக்குச் சாட்சி இல்லாத இடத்தில் பிள்ளை பயப்படாமல் எழுதும்.

ஃபிரிஸ்கன் கதையை இங்கே சின்ன காஞ்சிபுரத்தில் பக்கத்து வீட்டு நெசவாளரிடம் சொன்னேன். கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா. ஒரு பக்கக் கரைக்கு நாடா தள்ள இன்னோர் ஆள் வேண்டும். சிறுவயதில் அப்படி உட்கார்ந்தவர் அவர். “எனக்குக் கத்துக்கொடுத்தது பெரியவங்க இல்ல சார், என்னைவிட ரெண்டு வயசு மூத்த பையன். அவன் சொன்னா பயமில்லாம புரியும்” என்றார். அந்த வயதில் அவர் பள்ளியில் இருந்திருக்க வேண்டும் என்பது வேறு சங்கதி. அதற்குத் தனியாக ஒரு வாரம் வேண்டும்.

1797-ல் பெல் லண்டனில் இதையெல்லாம் புத்தகமாகப் போட்டார். பிள்ளைக்குப் பிள்ளையே பாடம் சொல்வது ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்தெங்கும் பரவியது. திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளை கப்பலேறிவிட்டார்! ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் இன்றும் ‘மெட்ராஸ் காலேஜ்’ என்றொரு பள்ளி இருக்கிறது. ஆனால் அங்கே போனபின் முறை ஊதிப் பெருத்தது. ஒரே கூடத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள், ஒரே வாத்தியார், ஓயாத ஒப்பித்தல். எழும்பூரில் ஒரு வகுப்பு, கொஞ்சம் மணல் என்று கண்ணெதிரே நடந்ததால்தான் பெல்லுக்குப் பலன் தெரிந்தது.

செயல்வழிக் கற்றலும் இப்படிச் சிறிதாகத்தான், 2003-ல் 13 சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கியது. மாநிலம் முழுக்கப் பரவியபோது எது தங்கியது, எது உதிர்ந்தது? தாழ்வான கரும்பலகையோடு அதையும் அடுத்த வாரம் பார்ப்போம்.

மணலுக்கு வருவோம். விஜயதசமிக்கு ஒருநாள் அரிசித் தட்டில் ‘அ’ எழுதவைத்துவிட்டு மறுநாள் தட்டை அடுக்களைக்கு அனுப்பிவிடுகிறோம். ஒன்றாம் வகுப்பு ஆசிரியர்களே, திங்கட்கிழமை ஒரு தட்டு மணல் வையுங்கள். ஒன்று போதும். ஒரு வாரம் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.