மூளையின் காவல் – 6: தாயில்பட்டிப் பவுடர்

விருதுநகர் மாவட்டத்துத் தாயில்பட்டியில் பட்டாசு மருந்து வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்பவர்களைப் பார்த்தாலே தெரியும். சோப்புப் போட்டுக் குளித்த பிறகும் நகக்கண்ணிலும் காது மடலிலும் அலுமினியப் பவுடர் மினுங்கும். "இது மூளைக்கு ஏறுமா சார்?" என்று அங்கே ஒருவர் கேட்டார்.

இரத்தத்தில் ஓடுவதெல்லாம் மூளைக்குள் இறங்கிவிடாது. 1913-இல் எட்வின் கோல்ட்மன் ஒரு நீலச் சாயத்தை விலங்குகளின் மூளைத் தண்டுவட நீரில் ஏற்றினார், மூளை நீலமானது. அதே சாயத்தை இரத்தத்தில் ஏற்றினால் உடம்பெல்லாம் நீலம், மூளை மட்டும் வெளுப்பு. மூளையின் நுண்குழாய்ச் சுவரில் செல்கள் இழை பிரியாமல் தைத்தாற்போல் ஒட்டியிருக்கின்றன. வெளிப்புறம் பெரிசைட் என்னும் செல்கள் அவற்றை அணைத்துப் பிடித்திருக்கின்றன.

இரும்பைச் சுமக்கும் புரதத்தில் தொற்றிக்கொண்டு அலுமினியம் கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்யும். ஆனால் சாப்பாட்டோடு போவதில் நூற்றில் ஒரு பங்குகூட இரத்தத்தில் சேராது. சேர்ந்ததில் பெரும்பகுதியைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். சிறுநீரகம் செயலிழந்தவர்கள் பாடுதான் மோசம். 1970-களில் டயாலிசிஸ் தண்ணீரில் இருந்த அலுமினியம் பலருக்குப் பேச்சைக் குழறவைத்து, புத்தியைக் கலக்கி, உயிரையும் எடுத்தது.

மூச்சில் போகும் தூசி? கனடாவின் ஒன்டாரியோ சுரங்கங்களில் 1943 முதல் 1979 வரை, கல்தூசியால் வரும் நுரையீரல் நோயான சிலிகோசிஸைத் தடுக்கும் என்று நம்பி, உடை மாற்றும் அறையிலேயே அலுமினியத் தூளை ஊதித் தொழிலாளர்களைச் சுவாசிக்கவைத்தார்கள். அவர்களிடம் பார்க்கின்சன் நோய் கூடுதலாக இருப்பதை 2020-இல் வெளியான ஆய்வு காட்டியது. 2022-இல் ஒன்டாரியோ அதைத் தொழில்நோயாக ஏற்றுக்கொண்டது. அல்சைமருக்கு அலுமினியம்தான் காரணம் என்று இதுவரை நிறுவப்படவில்லை. ஆனாலும் முகத்தில் கட்டும் கைக்குட்டையை நம்பிப் பட்டாசு மருந்து வேலைக்குப் போகக்கூடாது. சரியான முகமூடி கொடுப்பது முதலாளியின் பொறுப்பு.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை, இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள இந்த நுண்குழாய்த் தடுப்பு தானாகவே தளர்வது. வயது ஏற ஏற, நினைவுக்கு ஆதாரமான ஹிப்போகேம்பஸ் பகுதியில் கசிவு கூடுவதை 2015-இல் தெற்கு கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தினர் எம்.ஆர்.ஐ. மூலம் கண்டார்கள். லேசான மறதி தொடங்கியவர்களிடம் அது இன்னும் அதிகம். பெரிசைட் சேதத்தைக் காட்டும் புரதம் இத்தகையவர்களின் தண்டுவட நீரில் உயர்ந்திருப்பதாக 2019-இல் அதே குழு சொன்னது. அல்சைமரின் அடையாளமான அமிலாய்டு, டௌ என்னும் புரதங்கள் இரண்டும் மாறாதவர்களிடமும் இப்படித்தான்.

நுண்குழாய்களைக் கெடுப்பதில் பிரஷருக்கும் சர்க்கரைக்கும் பெரிய பங்கு உண்டு. மேல் பிரஷரை 120-க்குக் கீழே வைத்தவர்களிடம் லேசான அறிவுத்திறன் குறைவு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததாக 2019-இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. 'தலை சுத்தினாத்தான் மாத்திரை' என்கிறவர்கள் பட்டாசுத் தொழில் நடக்கும் இந்தக் கந்தகபூமியில் ஏராளம். 2021-இல் தொடங்கிய தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வீட்டு வாசலுக்கே மாத்திரையைக் கொண்டுவருகிறது. விழுங்குவது நம் பாடு. எவ்வளவு குறைப்பது என்பதை மட்டும் டாக்டர் சொல்லட்டும்.

இவ்வளவு கெடுபிடியான காவலைத் தாண்டி, பார்க்கின்சனுக்குத் தரும் லெவோடோபா எப்படி உள்ளே நுழைகிறது? அடுத்த வாரம்.