நீள ஏரா, நிதானப் பயணம்

அந்தமானின் வண்டூர் ஜெட்டியில் ஜாலி பாய் தீவுக்குக் கிளம்புகிறவர்கள் தொப்பியைப் பிடித்துக்கொண்டு படகேறுவார்கள். திரும்பி வரும்போது பக்கத்தில் இருப்பவரைப் பிடித்துக்கொண்டு இறங்குவார்கள். பவளப்பாறை காட்டும் கண்ணாடிப் படகுக்கு அடி தட்டை, அகலம் அதிகம். அலை ஒரு பக்கத்தைத் தூக்கினால் வெடுக்கென்று நிமிர்ந்துவிடும். அரை மணி நேரத்துக்குப் பரவாயில்லை. மாதக்கணக்கில் கடலில் கிடக்க வேண்டியவர் என்ன செய்வார்?

அவருக்குப் பழைய பாணி நீள ஏராப் படகுதான் தோது. ஏரா என்பது படகின் முதுகெலும்பு, அடிக்கட்டை. இன்றைய பந்தயப் படகுகளில் அது மீன் துடுப்புபோலக் குறுகிவிட்டது. பழைய படகில் முன்பக்கத்திலிருந்து சுக்கான் வரை நீண்டு ஓடும். தண்ணீர் வாளியில் தோசைத் திருப்பியை விட்டுப் பாருங்கள்: விளிம்பு முன்னால் போனால் வழுக்கிக்கொண்டு ஓடும், தட்டையாகத் தள்ளினால் முரண்டு பிடிக்கும். நீள ஏராவும் அப்படித்தான். காற்று பக்கவாட்டில் தள்ளினாலும் படகு எளிதில் திசை மாறாது. படகின் எடை அதிகம், அகலம் குறைவு. அதனால் ஆட்டமும் மெதுவாக, தூளிபோல வரும்.

1960-களில் பம்பாயில் இந்தியத் தேக்கில் கட்டிய 32 அடிப் படகு சுஹைலி. ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் அதில் 1968 ஜூன் 14 அன்று இங்கிலாந்திலிருந்து கிளம்பி, எங்கும் கரைதொடாமல் தனியாளாக உலகைச் சுற்றி 1969 ஏப்ரல் 22 அன்று திரும்பினார். அப்படிச் செய்த முதல் மனிதர். பாதி வழியில் தானியங்கிச் சுக்கான் உடைந்தது. பாய்களைக் கூட்டிக் குறைத்தே படகைத் திசையில் நிறுத்தினார். நீள ஏரா இல்லாவிட்டால் இந்த வித்தை இவ்வளவு சுலபமாகப் பலித்திருக்காது.

சுஹைலியின் நகலாகக் கோவாவில் கட்டிய துரியா படகில், தனியாளாக உலகைச் சுற்றும் பந்தயத்துக்கு 2018-இல் போனார் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி. தெற்கு இந்தியப் பெருங்கடல் புயல் அதைப் புரட்டிப் பாய்மரத்தை முறித்தது. முதுகெலும்பு முறிந்த அவரைப் பிரெஞ்சுக் கப்பல் மீட்டது. ஆக, ஏரா ஒன்றும் மந்திரத் தாயத்து இல்லை. ஆனாலும் 2022-இல் அதே பந்தயத்துக்கு மறுபடி நீள ஏராப் படகிலேயே கிளம்பி, 2023-இல் இரண்டாவதாக வந்தார்.

நீள ஏராவுக்குக் குறையும் உண்டு. வேகம் கம்மி. துறைமுகத்தில் பின்னோக்கி எடுத்தால் சொன்னபடி கேட்காது. ஓட்டுகிறவர் மானம் போகும்.

ஜாலி பாய் போகிறவர்களுக்கு நீள ஏரா கிடைக்காது. படகின் நடுவில் இடம் பிடியுங்கள். ஆட்டம் குறைவது அங்கேதான்.